மழைப் பை

போன வாரம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், கொட்டுகிற மழையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒருத்தர் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்.

தலையில் ஹெல்மெட். உடம்பு முழுக்க மூடிய ரேஸ் உடை. கையில் கிளவுஸ். காலில் ஷூ... அந்த ஷூவுக்கு மேல் ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர். ஸ்டியரிங்குக்குப் பதிலாக எவர்சில்வர் தட்டு. மத்தியானம் நான் சோறு போட்ட அதே தட்டு.

அவர் என் கணவர் அழகேசன். செஞ்சியைச் சுற்றி மாடு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் தெரியும். கால்நடை டாக்டர்.

எதிர் வீட்டு மாடியில் துணி எடுக்க ஓடி வந்த அக்கா, எடுத்த துணியோடு அப்படியே நின்றுவிட்டார்.

"டாக்டருக்கு இன்னா ஆச்சி?"

"ஒண்ணும் இல்லக்கா. கார் ஓட்டுறார்."

"இந்த மலைல எங்க போறாரு?"

"எங்கயும் இல்ல. சுத்திச் சுத்தி ஒரே எடந்தான்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "பாத்துப் போவச் சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஒன்று கவனித்தீர்களா? அக்கா கேட்டது மழையைப் பற்றி. வாயில் வந்தது மலை. எங்கள் ஊரில் இரண்டும் ஒன்றுதான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்... பின்னால் வேலை இருக்கிறது.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு என் கணவரின் வியாதி தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வாரம் முழுக்க மாட்டுக்கு ஊசி போடுகிற மனிதர், சில ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னைக்கு வெளியே இருக்கிற ட்ராக்கில் ரேஸ் கார் ஓட்டுவார். ஒரே ஒரு ஆள் படுத்த மாதிரி உட்கார்ந்து ஓட்டுகிற கார். மேலே கூரை கிடையாது. முன்னால் கண்ணாடி கிடையாது. கழுத்துக்கு மேலே எல்லாம் வெளியே. வைப்பர் இல்லாத வண்டியை நான் மாட்டு வண்டிக்கு அப்புறம் அங்கேதான் பார்த்தேன்.

வெயிலில் இது பரவாயில்லை. மழையில்?

போன வருஷம் பார்த்தோம். நடு ரேஸில் மழை பிடித்தது. மூச்சுக் காற்று ஹெல்மெட்டுக்குள்ளே ஆவியாகி, முகத்துக்கு முன்னால் இருக்கிற வைசர் முழுக்கப் படிந்துவிட்டது. போதாக்குறைக்கு உள்ளே மூக்குக் கண்ணாடி வேறு. அதிலும் ஆவி. ஒன்றும் தெரியாமல் வைசரைக் கொஞ்சம் தூக்கியிருக்கிறார். அந்த வேகத்தில் மழைத்துளி பொடிக்கல் மாதிரி கண்ணில் அடிக்கும். கார் புல்லுக்குள் போய் நின்றது. மறுபடி கிளம்பவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் பேசவில்லை மனிதர். மாடுகளிடம் மட்டும் பேசினார்.

இந்த வருஷம் டீம் மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார். நல்ல பையன், மரியாதையாகத்தான் சொன்னார். கடைசி ரேஸை முழுசாக முடித்தால் அடுத்த வருஷமும் டாக்டருக்கு சீட். முடிக்காவிட்டால், இரண்டு வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிற ஒரு இளைஞனுக்கு. இவருக்கு வயசு நாற்பத்தேழு. இந்த சீட் போனால் இன்னொரு சீட் வராது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை.

கடைசி ரேஸ் ஐப்பசியில். ஐப்பசியில் மழை வராமல் வேறென்ன வரும்?

அதனால்தான் மொட்டை மாடி. மழைக்கான சாமான்களை மழையிலேயே சோதித்துப் பார்க்கிறாராம். நான் குடையைப் பிடித்துக்கொண்டு, செல்போனில் ஸ்டாப்வாட்ச்சோடு பக்கத்தில் நின்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று முழுக்க மனசுக்குள் ஓட்டுவார். கிளம்பும்போதும் முடிக்கும்போதும் தட்டைத் தட்டுவார். அப்போது நான் பட்டனை அழுத்த வேண்டும்.

தட்டைத் தட்டினார். நான் அழுத்தினேன்.

ஹெல்மெட் மேல் மழை தாளம் போட்டது. தட்டு மெதுவாக வலது பக்கம் சாய்ந்தது. திரும்ப நேரானது. வலது கால் ஈரத் தரையை அழுத்தியது. இடது பக்கம் ஒரு நீளமான சாய்வு... என்ன வளைவோ அது, முடியவே இல்லை. பார்க்கப் பார்க்க எனக்கும் கண் மூடிக்கொண்டது.

எனக்கு ட்ராக் எல்லாம் மனப்பாடம் கிடையாது. தெரிந்த ரோடு திண்டிவனம் போகிற ரோடுதான். அதில் போனேன். பஸ் இல்லை. ஹாரன் இல்லை. ரோட்டோரம் புளியமரங்கள் நனைந்துகொண்டே பின்னால் போயின. வேர்க்கடலை விளைகிற மல்லாட்டைக் கொல்லைகள் போயின. ஓர் ஏரி நிரம்பி ரோட்டின் மேலேயே கிடந்தது. அதன் மேல் நான் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனேன். முகத்தில் காற்று. யாருக்கும் சமைக்க வேண்டாம், எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று போய்க்கொண்டே இருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது ராஜகிரி மலையைக் காணவில்லை. அவ்வளவு பெரிய பாறை, அவ்வளவு பெரிய கோட்டை, எல்லாவற்றையும் மழை எடுத்துக்கொண்டிருந்தது. பிறகு உச்சி மட்டும் லேசாகத் தெரிந்தது, கீழே எதுவுமே இல்லாமல்.

"இன்னா டைம்?" என்றார் வைசரைத் தூக்கி.

எப்போது தட்டைத் தட்டினாரோ. ஸ்டாப்வாட்ச் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நல்ல டைம்தான்" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஆனால் சோதனையில் விஷயம் தெரிந்துவிட்டது. ஹெல்மெட் உச்சியில் இருக்கிற காற்று ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்குகிறது, அதற்கு டேப் ஒட்ட வேண்டும். கிளவுஸ் ஊறிப்போகிறது, காய்ந்த ஜோடி இன்னொன்று வேண்டும். ரேஸ் உடை தண்ணீர் குடித்துக் கனக்கிறது, காரில் ஏறும்வரை மேலே ரெயின்கோட் வேண்டும். ஓட்டும்போது அதைப் போடக்கூடாதாம், தீப்பிடித்தால் பிளாஸ்டிக் உடம்போடு உருகிவிடும். சொல்லும்போது சாதாரணமாகத்தான் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஷூ. அடிப்பக்கம் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் பிரேக் வழுக்கும். அதனால்தான் ஜவுளிக்கடை கவர். காருக்குள் கால் வைக்கிற அந்த நிமிஷம்தான் கழற்ற வேண்டும்.

இத்தனையும் ஒரு நீலப் பைக்குள் போனது. ஆவி பிடிக்காத ஃபிலிம் ஒட்டிய புது வைசர், கிளவுஸ், தலையில் மாட்டுகிற துணி முகமூடி, டேப், ரெயின்கோட், துண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனி கவரில் போட்டு, முதலில் தேவைப்படுவது மேலே வருகிற மாதிரி அடுக்கினார். என் பிரசவத்துக்குக்கூட ஆஸ்பத்திரிப் பையை இவ்வளவு அழகாக அடுக்கவில்லை.

இதுதான் மழைப் பை.

வீட்டில் இன்னொரு நீலப் பையும் உண்டு. மாட்டு மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த இரட்டைப் பைகள் அவை. லீவு நாட்களில் கோட்டை கேட் திறந்ததும் ராஜகிரி ஏறுவாரே, அதற்கான பை. உடம்பு இறுகுவதற்காக ஏறுகிறார். மழைக்காலத்தில் மேகம் உச்சியில் உட்கார்ந்துகொள்ளும், அடுத்த படி தெரியாது. அப்போதும் ஏறுவார். கால் தானாகப் போகும் என்பார். அது மலைப் பை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் பிறந்த ஊர் காவிரிக் கரை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ழ-வுக்காக நான் நடத்திய போராட்டம் கொஞ்சநஞ்சம் அல்ல. சொந்தப் பெயரையே 'அலகேசன்' என்று சொல்கிற மனிதரை எப்படி விடுவது? எங்கள் ஊரிலும் பாதிப் பேர் ழ சொல்வதில்லை என்பது வேறு விஷயம். அதை இங்கே யாரிடமும் சொன்னதில்லை.

என் பாடம் ஒரு பக்கம் பலித்தது. கணவர் ழ சொல்லக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதை எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. பள்ளிக்கூடம் 'பழ்ளிக்கூடம்' ஆனது. வாளி 'வாழி' ஆனது. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு, "மழைக்குப் போய்ட்டு வரேன்" என்று மலைக்குப் போவார். என் மனசு கோணக்கூடாதே என்றுதான் அப்படிச் சொல்கிறார் என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

மாமா, அதாவது என் மாமனார், என் பாடத்துக்கு வரவே இல்லை. கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அவருக்கு அன்றும் இன்றும் எல்லாமே மலை. மகனுக்கு எல்லாமே மழை. நடுவில் இரண்டையும் வைத்துக்கொண்டு நான்.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். கணவர் ட்ராக்குக்குக் கிளம்பிப் போனார். பார்த்துப் பார்த்து அடுக்கிய பையைக் கட்டில் பக்கத்திலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் இவரிடமிருந்து மாமாவுக்குப் போன் வந்தது. நான் உள்ளே எழுதிக்கொண்டிருந்தேன். மாமா பேசுவது மட்டும் காதில் விழுந்தது.

"எந்தப் பைடா?... ஆங், மலைப் பையா? செரி செரி. நாளைக்கி வர்றப்ப எடுத்தாறோம்."

மாமா மலை என்றால் மழை. இத்தனை வருஷத்துப் பழக்கம், என் மனசு தானாகத் திருத்திக்கொண்டது. நான் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், மாமா எடுத்து வைத்த நீலப் பையோடு மாமாவும் நானும் காரில் கிளம்பினோம். திண்டிவனம் தாண்டும்போதே வானம் கறுத்துவிட்டது. ட்ராக்கில் வரிசையாகத் தகரக் கூரை போட்ட ஷெட்டுகள். அதில் ஒன்றில் இவருடைய பச்சைக் கார் நின்றது. இவர் உடை மாட்டித் தயாராக இருந்தார். எங்களைப் பார்த்ததும், பிள்ளையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் பையை வாங்கினார்.

ஜிப்பைத் திறந்தார். முதலில் வந்தது எலுமிச்சம்பழம்.

அவர் அதைப் பார்த்தார். நான் அதைப் பார்த்தேன். மாமா மட்டும் சந்தோஷமாக, "நேத்துதான் புதுசா வாங்கி வெச்சேன்" என்றார்.

"நைனா... இது மலை ஏர்ற பை."

என் பாடம் ஆரம்பித்த பிறகு முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சரியாகச் சொன்னார்.

"ஆமா. அதத்தான கேட்ட?"

"நான் மழைப் பை கேட்டேன் நைனா."

"அதான்டா. மழைக்குப் போறேன், மழைக்குப் போறேன்னு இந்தப் பையத்தான தூக்கினு போற?"

அந்த ழ-வை மாமா என்னை மாதிரியே நாக்கை நன்றாக மடித்துச் சொல்லிக் காட்டினார். அவரால் சொல்ல முடியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மகன் சொன்ன மழையை மாமா மலை என்று திருத்திக்கொண்டார். மாமா சொன்ன மலையை நான் மழை என்று திருத்திக்கொண்டேன். மூன்று பேரும் சரியாகத்தான் புரிந்துகொண்டோம். பை மட்டும் தப்பாக வந்துவிட்டது.

இரண்டு பேரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

தகரக் கூரை மேல் மழை விழ ஆரம்பித்தது.

மேனேஜர் குடையோடு வந்தார். "டாக்டர், வெட் ரேஸ்னு சொல்லிட்டாங்க. டயர் மாத்திடறோம். நீங்க ரெடியா?"

"ரெடி" என்றார் இவர், கையில் எலுமிச்சம்பழத்தோடு.

மேனேஜர் நகர்ந்ததும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பயம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுகை வந்துவிட்டது. "வேண்டாம்னு சொல்லிடுங்க. போன வருஷம் மாதிரி ஆயிடப் போவுது."

"சொல்லிட்டா அப்புறம் மொட்டை மாடிதாம்மா" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அவர் சொன்ன விதத்தில் அந்த நாற்காலியும் தட்டும் என் கண் முன்னால் வந்து நின்றன. இனிமேல் எல்லா மழையிலும் அவர் அங்கேயே உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருப்பார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் தரையில் கொட்டினேன்.

எலுமிச்சம்பழங்கள். குளுக்கோஸ். தைலம். காய்ந்த சாக்ஸ். துண்டு. எலுமிச்சம்பழத்தைச் சுற்றியிருந்த கவர்கள். மலையிலிருந்து இறங்கி வழியில் பம்புசெட்டில் குளிப்பாரே, அதற்கான ஷாம்பு பாக்கெட்டுகள்.

ஷாம்பு!

குளிக்கிற அறைக் கண்ணாடியில் ஆவி பிடிக்காமல் இருக்க நான் தடவுவது அதுதானே? வைசரைக் கழற்றச் சொன்னேன். உள்பக்கம் ஒரு சொட்டு விட்டு, புடவைத் தலைப்பால் பளபளவென்று வரும்வரை தேய்த்தேன். மூக்குக் கண்ணாடிக்கும் அதே வைத்தியம். "மிச்சம் இருந்து கண்ணுல எறங்குச்சின்னா?" என்றார் இவர். எரியும், வேறென்ன. இன்னொரு தடவை தேய்த்தேன். மெக்கானிக்கிடம் டேப் வாங்கி ஹெல்மெட் ஓட்டையை அடைத்தோம். காய்ந்த சாக்ஸ் மாட்டினார். ஷூவுக்கு எலுமிச்சம்பழக் கவர்.

கார்கள் வரிசையாகப் போய் நிற்கிற இடத்துக்குக் குடை பிடிக்க ஓர் ஆள் போகலாம். நான் போனேன். கார் பக்கத்தில் நின்று அவர் ஒரு காலைத் தூக்கினார். நான் ஈரத்தில் மண்டி போட்டுக் கவரை உருவினேன். துண்டால் ஷூ அடியைத் துடைத்தேன். அந்தக் காலை உள்ளே வைத்தார். பிறகு அடுத்த கால். கல்யாணத்தன்று அவர் குனிந்து என் காலைப் பிடித்து அம்மி மேல் வைத்தது ஞாபகம் வந்தது. அன்றைக்கு எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இன்றைக்கு அவர் சிரித்தார், ஹெல்மெட்டுக்குள்ளே கண் மட்டும்.

"வரேம்மா" என்றார்.

மழையில் ரேஸ் பார்த்திருக்கிறீர்களா? ஒன்றுமே தெரியாது. கார் தெரியாது. ஒவ்வொரு சக்கரமும் தண்ணீரைப் பின்னால் வாரி இறைக்கும். வெள்ளை வெள்ளையாக ஏதோ இரைந்துகொண்டு வரும், போகும். மேகங்கள் ஒன்றையொன்று துரத்துகிற மாதிரி இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றதில் பயம்கூடத் தூரத்தில் எங்கேயோ போய்விட்டது. காலுக்குக் கீழே தரை இருப்பதே மறந்துபோனது.

மாமாதான் என்னைத் தரைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு சுற்றிலும் எப்படித்தான் கண்டுபிடிப்பாரோ... "வந்துட்டான்" என்பார். வெள்ளைக்குள்ளே ஒரு பச்சைக் கீற்று போகும்.

வந்துட்டான். வந்துட்டான். வந்துட்டான்.

அடுத்த சுற்றில் மாமா ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வெள்ளை போனது. இன்னொன்று போனது. எங்கேயோ ஒரு கார் சுழன்று புல்லுக்குள் போய்விட்டதாக மைக்கில் சொன்னார்கள். எந்தக் கார் என்று காதில் விழவில்லை. மாமா என் தோளைப் பிடித்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தொட்டதில்லை. கையில் நான் எப்போது எடுத்தேனோ, ஓர் எலுமிச்சம்பழம் நசுங்கிக்கொண்டிருந்தது.

"வந்துட்டான்" என்றார் மாமா.

கடைசிச் சுற்று வரைக்கும் அந்த 'வந்துட்டான்' நிற்கவில்லை. முதலில் வரவில்லை, நடுவிலும் வரவில்லை. கடைசிக்கு ஓர் இடம் முன்னாடி வந்தார். ஆனால் கட்டம் போட்ட கொடிக்குக் கீழே, சொந்த எஞ்சினில், ரோட்டின் மேலேயே ஓட்டி வந்தார்.

மேனேஜர் அவர் முதுகில் தட்டி, "ஹெல்மெட்ட பத்திரமா வெச்சிக்குங்க டாக்டர். அடுத்த வருஷம் வேணும்" என்றார். இவர் தலையை மட்டும் ஆட்டினார். உடையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது நான்தான் காரை ஓட்டினேன். மாமா பின் சீட்டில் தூங்கிவிட்டார். மழை விட்டிருந்தது. ரோட்டோரம் எல்லாம் தண்ணீர் தேங்கி, அதில் சாயங்கால வெளிச்சம் கிடந்தது.

"ஷாம்பு நின்னுச்சா?" என்று கேட்டேன்.

"பாதி வரைக்கும். அப்புறம் ஆவி புடிச்சிடுச்சி. ஒரு வெரல் அகலத்துக்குத்தான் தெரிஞ்சிது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் எப்படி ஓட்டினீங்க?"

அவர் சன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டார். கண் பாதி மூடியிருந்தது.

"மழைல போற மாதிரி போனேன்" என்றார். "கால் தானா போச்சி."

எந்த மழை? மேலிருந்து பெய்வதா, மேகத்துக்குள் படி தெரியாமல் அவர் ஏறுவதா? கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. திரும்பிப் பார்த்தேன், தூங்கியிருந்தார். தூரத்தில் செஞ்சிக் கோட்டை தெரிய ஆரம்பித்தது. நான் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

ஆனாலும் இனி ஒரு தடவை இப்படி ஆகக்கூடாது இல்லையா? மறுநாள் முதல் வேலையாக இரண்டு பையிலும் வெள்ளைத் துணியைத் தைத்து, மார்க்கரில் பெரிது பெரிதாக எழுதினேன். ஒன்றில் மழை. இன்னொன்றில் மலை. மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டின் மேலும் விரலை வைத்துச் சத்தமாகப் படித்தார்.

"மலை... மலை. ரெண்டும் செரியாத்தாம்மா எழுதியிருக்குற."